எதிரில் ஆள் இருக்கும்போது கைபேசியை எப்படி வைத்துக்கொள்வது

வீட்டுக்கு வந்தவரை எப்படி வரவேற்பது, முதலில் யாருக்குப் பரிமாறுவது, துக்க வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பது என்பதற்கெல்லாம் நம்மிடம் முறை உண்டு. அவற்றை யாரும் பாடமாக நடத்தியதில்லை. பெரியவர்கள் செய்வதைப் பார்த்துப் பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள். கைபேசிக்கு மட்டும் அப்படி ஒரு முறை இன்னும் அமையவில்லை, ஏனெனில் அமைவதற்கான கால அவகாசமே நமக்குக் கிடைக்கவில்லை. இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் பேசப்பட்டது. வரும் அழைப்புக்கும் காசு கட்ட வேண்டிய நிலை 2003இல் மாறியது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையமும் மலிந்தது. கட்டணம் குறையும் இரவு நேரத்துக்காகக் காத்திருந்து, சேலம் பழைய பேருந்து நிலையத்தின் பக்கம் எஸ்டிடி பூத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி பேசிய மனிதர்கள்தாம் இன்று சட்டைப்பையில் கைபேசியோடு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு தலைமுறைக்குள் நடந்து முடிந்த இந்த மாற்றத்துக்கு வழிகாட்டப் பெரியவர்களும் இல்லை, அவர்களுக்கும் இது புதிது.

எனவே அந்த முறைகளை நாமே பேசி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கைபேசியை விட்டுவிடச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் அன்று. தொழில், மருத்துவமனை, பிள்ளைகளின் பள்ளி, வெளிநாட்டில் இருக்கும் மகன் என எல்லாம் அதன் வழியாகத்தான் நம்மிடம் வந்துசேர்கின்றன. நான் வலியுறுத்துவது ஒன்றே: எதிரில் இருப்பவரிடம் சொல்லாமல் கைபேசிக்குள் போகக் கூடாது. கீழே சொல்லியிருப்பவை எல்லாம் இந்த ஒன்றை வெவ்வேறு இடங்களில் எப்படி நடத்திக்காட்டுவது என்பதைப் பற்றியவை.

முதலில் கைபேசி இருக்கும் இடம். மேசைமேல் சும்மா கிடக்கும் கைபேசி யாருக்கும் தொந்தரவு இல்லை என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். 2012இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி, நெட்டா வெய்ன்ஸ்டீன் ஆகிய உளவியலாளர்கள், முன்பின் அறியாத இருவர் இருவராகப் பத்து நிமிடம் பேசவைத்துச் சோதித்தார்கள். சிலருக்கு அருகில் ஒரு கைபேசியும் மற்றவர்களுக்கு அருகில் ஒரு குறிப்பேடும் வைக்கப்பட்டிருந்தன. கைபேசி இருந்த அறையில் பேசியவர்கள், தமக்குள் நெருக்கம் குறைவாகவே உண்டானதாகச் சொன்னார்கள். வாழ்க்கையில் முக்கியமான விஷயத்தைப் பேசச் சொன்னபோது இந்த வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. பின்னாளில் இதே சோதனையை மறுபடி செய்தவர்கள் எல்லோருக்கும் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2018இல் வெளியான இன்னோர் ஆய்வில், கனடாவின் வான்கூவர் நகரில் நண்பர்களோடும் குடும்பத்தாரோடும் உணவகத்துக்கு வந்த 300க்கும் மேற்பட்டோரைக் கவனித்தபோது, கைபேசியை மேசைமேல் வைத்துக்கொண்டவர்களின் கவனம் கூடுதலாகச் சிதறியதும், அந்த வேளையை அவர்கள் சற்றுக் குறைவாகவே ரசித்ததும் தெரியவந்தன. ஆய்வு எப்படியிருந்தாலும், பேசும்போது கைபேசியைக் கண்ணில் படாத இடத்தில் வைப்பதால் நமக்கு எந்த நட்டமும் இல்லை. வீட்டில் அலமாரியின் ஒரு தட்டையோ பூஜையறைக்கு வெளியே உள்ள மாடத்தையோ இதற்கென்று ஒதுக்கலாம். மணி ஒலித்தால் கேட்கும் தூரத்தில் இருந்தால் போதும், கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு ஒருவர் வந்திருக்கும்போது

கைபேசியால் உறவுகள் மெல்லத் தேய்வது இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மனைவியின் தாய்மாமன் அம்மாபேட்டையிலிருந்து வந்திருக்கிறார். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பேரனுக்குப் பெண் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்காரரும் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் அவருடைய கட்டைவிரல் திரையை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. மாமா அதைப் பார்க்கிறார், எதுவும் சொல்வதில்லை. சொல்லவந்த இரண்டு ஊர்களின் கதையை ஒரே வரியில் முடிக்கிறார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு வேலை இருக்கும்போல, நான் இன்னொரு நாள் சாவகாசமா வர்றனுங்க" என்று எழுந்துகொள்கிறார். நம் வீடுகளில் மனவருத்தம் இப்படித்தான் வெளிப்படும். மாமா கோபித்துக்கொண்டார் என்பது அடுத்த விசேஷத்துக்கு அவர் வராதபோதுதான் தெரியவரும்.

இதைத் தவிர்க்க, விருந்தினர் உட்கார்ந்த உடனேயே, எதிர்பார்க்கும் அழைப்பு ஏதும் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "மாமா, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு போன் வரும், அதை மட்டும் எடுத்துப் பேசிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டால், மணி ஒலிக்கும்போது அவரே "எடுங்க, எடுங்க" என்று சொல்வார். சொல்லாமல் எடுத்தால் அதே அழைப்பு அவமதிப்பாகத் தோன்றும். எதிர்பாராத அழைப்பு வந்தால், யாரிடமிருந்து என்பதை ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டு எழுந்து வேறிடம் போய்ப் பேசுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே பேசினால், எதிரில் இருப்பவர் தம் கண்களை எங்கே வைப்பது, கேட்டதற்கு எப்படிக் கேளாதவர்போல் இருப்பது என்று தெரியாமல் சங்கடப்படுவார். அழைத்தவரிடமும் "வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க" என்று சொல்லிவிடுங்கள். சேலத்தில் இந்த ஒரு வரிக்கு இன்னும் மரியாதை இருக்கிறது, அதைக் கேட்டபின் யாரும் பேச்சை நீட்டுவதில்லை.

திரும்பி வந்தபின் செய்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பேச்சு நின்ற இடத்தை நீங்களே எடுத்துக்கொடுங்கள்: "ராசிபுரத்துப் பொண்ணு வீட்டைப் பத்திச் சொல்லிட்டு இருந்தீங்க." நீங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. இது நினைவில் இல்லாத அளவுக்குக் கவனம் வேறெங்கோ போயிருந்தால், விட்ட இடத்தைத் தாராளமாக அவரிடமே கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவாகாது.

கைபேசியை ஒதுக்கிவைக்கப் பலர் தயங்குவதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு: வயதான பெற்றோர் தனியே இருக்கிறார்கள், அவசரம் என்றால் என்ன செய்வது? இதற்குக் கைபேசியிலேயே வழி இருக்கிறது. அமைப்புகளில் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்ற வசதியை இயக்கி, அதன் விதிவிலக்குகளில் குறிப்பிட்ட சிலரின் எண்களை மட்டும் சேர்த்துவிட்டால், அவர்கள் அழைத்தால் மணி ஒலிக்கும். மற்றவை அமைதியாக வந்து நிற்கும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில், ஒரே எண்ணிலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் அதை ஒலிக்கவிடும் தெரிவும் உண்டு. அவசரம் என்றால் அடுத்தடுத்து இரண்டு முறை அழைக்கும்படி அம்மாவிடம் சொல்லிவைத்துவிட்டு நிம்மதியாகப் பேசலாம்.

பட்டறையும் கடையும்

வியாபாரிக்கும் இதே விதியா என்று கேட்பார்கள். வெள்ளி விலை நாள்தோறும் ஏறி இறங்கும்போது, கொலுசு வியாபாரம் செய்பவர் கைபேசியை மாடத்தில் வைத்துவிட்டு உட்கார முடியாதுதான். ஆனால் இதற்கான பதிலைச் செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து வெள்ளிப் பட்டறைகளிலேயே பார்க்கலாம். கொலுசில் சின்னஞ்சிறு முத்துகளைப் பற்றவைத்துக்கொண்டிருப்பவர், நெருப்பு கையில் இருக்கும்போது பக்கத்தில் மணி ஒலித்தாலும் கண்ணைத் திருப்புவதில்லை. ஒரு நொடி கூடுதலாகச் சூடு பட்டால் வெள்ளி உருகிவிடும். கை ஓய்வாக இருக்கும் பையன் எழுந்து எடுத்து, "அண்ணன் பத்த வெச்சுட்டு இருக்காருங்க, பத்து நிமிசத்துல கூப்பிடச் சொல்றேன்" என்கிறான். அழைத்தவருக்குக் காரணம் தெரிந்துவிட்டது, எப்போது பேசலாம் என்பதும் தெரிந்துவிட்டது. ஒருவரும் கோபித்துக்கொள்வதில்லை.

இந்தப் பதிலைக் கடையிலும் அலுவலகத்திலும் வீட்டிலும் அப்படியே கொடுக்கலாம். கடைக்கு நேரில் வந்து நிற்பவரை நிறுத்திவைத்து, அழைத்தவருக்கு முதலில் சரக்கு விலை சொல்வது முறையாகாது. வெயிலில் வந்தவர் அவர். "கடையில ஆள் நிக்கிறாங்க, அஞ்சு நிமிசத்துல கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி கூப்பிட்டுவிட வேண்டும். கூப்பிடாமல் விட்டால் அடுத்த முறை உங்கள் ஐந்து நிமிடத்தை யாரும் நம்ப மாட்டார்கள், திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே இருப்பார்கள். வாங்க வந்தவருக்கும் கடமை உண்டு. லீ பஜாரில் மூட்டை தூக்குபவர் வழி கேட்டு நிற்கும்போதோ, கல்லாவில் மீதிச் சில்லறையை நீட்டும்போதோ காதில் கைபேசியோடு, விரலால் சைகை காட்டிப் பேசாதீர்கள். அழைத்தவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

சோறும் குழந்தையும்

சாப்பிடும் நேரத்தில் கைபேசி வேண்டாம் என்ற விதி எல்லா வீடுகளிலும் பிள்ளைகளுக்கு மட்டும் போடப்படுகிறது. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சேர்த்துப் போடாத விதியைப் பிள்ளைகள் மதிப்பதில்லை. இரவுச் சாப்பாடு ஒன்றையாவது அப்படி வைத்துக்கொண்டு, தட்டைக் கழுவிய பிறகு எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நேரத்தையும் சொல்லிவிட்டால் பிணக்கு குறையும்.

கைக்குழந்தைக்குக் கைபேசியைக் காட்டிச் சோறூட்டுவதைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. அதைவிட என் மனத்தில் நிற்பது 1970களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் செய்த சோதனை. குழந்தையோடு சிரித்து விளையாடிக்கொண்டிருந்த தாய், சொல்லிவைத்தபடி திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் இருக்கிறார். குழந்தை அவரைத் திரும்ப அழைக்கப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, சிரித்துக் காட்டுகிறது. பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு கலங்கிப்போகிறது. அப்போது கைபேசி கிடையாது. ஆனால் திரையைப் பார்க்கும் நம் முகத்துக்கும் அந்தத் தாயின் முகத்துக்கும் குழந்தையின் கண்ணில் பெரிய வேறுபாடு இருக்காது. காக்கையைக் காட்டி ஊட்டினால் நேரம் கூடுதலாக ஆகும் என்பது உண்மைதான். வேலைக்குப் போகும் தாய்க்கு அந்த நேரம் இல்லையென்றால், அதைக் கொடுக்க வேண்டியவர்கள் வீட்டிலுள்ள மற்றவர்கள்.

வெளியூரிலிருந்து அம்மாயியிடம் வீடியோவில் பேசும் பேரப்பிள்ளைகளை இதில் சேர்க்கக் கூடாது. அங்கே திரையில் தெரிவது ஒரு மனிதரின் முகம். அதற்கு ஒரு நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு அழைத்துவிட வேண்டும், ஏனெனில் அம்மாயி ஐந்தரைக்கே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

பேருந்திலும் மலையிலும்

பேருந்தில் உரக்கப் பேசுவதைப் பற்றி ஒரு செய்தி மட்டும். ஒரு பக்கப் பேச்சை மட்டும் கேட்பது, இருவர் பேசுவதை முழுவதும் கேட்பதைவிடக் கூடுதலாகக் கவனத்தைக் குலைக்கிறது என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். அடுத்து என்ன வரும் என்று மனம் ஊகித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். ஆகவே தாழ்ந்த குரலில், சுருக்கமாகப் பேசிவிட்டு வையுங்கள். வீடியோ பார்ப்பவர்கள் காதொலிப்பானைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுபவரின் கைபேசி பின்னிருக்கையில் இருப்பவரிடம் இருக்கட்டும். ஏறிய பின் வருவது படப் பிரச்சினை. பகோடா முனையிலோ லேடீஸ் சீட்டிலோ பத்துப் பேர் கொண்ட குடும்பம் வந்து நின்றால் பத்துக் கைகளும் மேலே எழும்புகின்றன. மாலையில் கீழே சேலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குவதைப் பார்க்க ஒரு கண்கூட மீதியிருப்பதில்லை. கிளம்புவதற்கு முன்பே ஒருவரைப் படம் எடுப்பவராக அமர்த்திவிடுங்கள், பெரும்பாலும் கல்லூரி படிக்கும் பிள்ளை மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்ளும். வந்து சேர்ந்ததும் முதலில் எல்லோரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்துவிட்டால், மற்றவர்கள் தங்கள் கைபேசியை வெளியே எடுக்கக் காரணம் இருக்காது. படங்களை அன்றிரவு அவரே எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். அந்த உறுதி இருந்தால்தான் மற்றவர்கள் கையைக் கீழே இறக்குவார்கள்.

மலையில் வாழ்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். சாலையோரம் பலாப்பழமும் மிளகும் விற்கும் பெண், காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர், விறகுக் கட்டோடு நடந்து வரும் மலையாளி எனப்படும் இம்மலைப் பழங்குடியைச் சேர்ந்த முதியவர் ஆகியோர் அங்கே தம் அன்றாட வேலையில் இருக்கிறார்கள். சேர்வராயன் கோயிலுக்கு மே மாதத் திருவிழாவில் கும்பிட வருபவர்களுக்கும் இது பொருந்தும். முதலில் கைபேசியை இறக்கிவைத்துவிட்டு, பெயரோ ஊரோ கேட்டு நாலு வார்த்தை பேசுங்கள். பிறகு "ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேளுங்கள். தலையை அசைத்து மறுத்தால் அதோடு விட்டுவிட வேண்டும். எட்டி நின்று பெரிதாக்கி எடுப்பது கேட்காமல் எடுப்பதைவிட மோசமானது.

அழைப்பிதழ், துக்கச் செய்தி, குடும்பக் குழு

எதிரில் இல்லாதவரிடம் நடந்துகொள்ளும் முறையும் இதில் அடங்கும். கல்யாணப் பத்திரிகையை மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, கணவனும் மனைவியுமாக வீட்டுக்கு வந்து கொடுப்பதுதான் அழைப்பு என்று நினைக்கும் பெரியவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒரே நேரத்தில் இருநூறு பேருக்குப் பறந்த படம் அவர்களுக்கு அழைப்பே இல்லை. அதற்காக எல்லா வீட்டுக்கும் போக இன்று யாராலும் முடியாது. பங்காளிகள், தாய்மாமன் வீடு, குடும்பத்தின் மூத்தவர்கள் ஆகியோருக்கு நேரில் போய்விடுங்கள். அடுத்த வட்டத்துக்கு முதலில் பேசுங்கள், பேசி முடித்த பிறகு படத்தை அனுப்புங்கள். இந்த வரிசை மாறக் கூடாது: படம் முதலில் போய்ச் சேர்ந்துவிட்டால், பின்னால் பேசுவது சமாதானம் சொல்வதுபோல் ஆகிவிடும். நண்பர்களுக்கும் உடன் வேலை செய்பவர்களுக்கும் படத்தோடு அவரவர் பெயரைச் சொல்லி ஒரு குரல்பதிவு போதும்.

துக்கச் செய்தியில் இதைவிடக் கவனம் வேண்டும். இறந்தவரின் உடன்பிறந்த தங்கை, காலையில் அடுப்படியில் நின்றுகொண்டு, குடும்பக் குழுவில் யாரோ போட்ட மாலைபோட்ட படத்தைப் பார்த்துச் செய்தியைத் தெரிந்துகொள்ளும் நிலை எந்த வீட்டிலும் வரக் கூடாது. உயிர் பிரிந்ததும் வீட்டில் ஒருவர் நெருங்கியவர்களின் பட்டியலை வாய்மொழியாகவாவது போட்டு, ஒவ்வொருவராக அழைக்க வேண்டும். தனியே இருக்கும் முதியவருக்கு நேரடியாகச் சொல்லாமல், அவர் பக்கத்து வீட்டாரையோ மகனையோ அழைத்து, அவர்கள் உடனிருந்து சொல்லும்படி செய்யுங்கள். அதுவரை குழுவில் யாரும் எழுதக் கூடாது என்பதைக் குடும்பத்தில் முன்பே பேசிவைத்திருக்கலாம். அப்படிப் பேசுவதைச் சிலர் அபசகுனம் என்பார்கள். யார் பெயரையும் சொல்லாமல் பொதுவாகச் சொல்லிவைத்தால் போதும். துக்க வீட்டுக்குள் போகும்போது மணியை நிறுத்திவிடுங்கள், இறந்தவரின் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். தூரதேசத்திலிருந்து வர முடியாத மகனுக்குக் காட்ட வேண்டுமென்றால் அதை வீட்டார் செய்வார்கள்.

வாட்ஸ்அப்பில் 2014 நவம்பரில் வந்த நீலக் குறிகளால் உண்டான மனத்தாங்கல்கள் கொஞ்சமல்ல: பார்த்தும் பதில் போடவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. தனியுரிமை அமைப்புகளில் அதை நிறுத்திவைக்கலாம். அதைவிட, "பார்த்துட்டேன் சித்தி, ராத்திரி பேசறேன்" என்று ஒரு வரி எழுதுவது நல்லது.

கடைசியாக, குழுவில் பெரியவர்கள் அனுப்பும் தவறான செய்திகள். இதைச் சின்ன விஷயமாக எண்ணக் கூடாது. குழந்தை கடத்துகிறார்கள் என்று 2018இல் பரவிய வதந்தியால் தமிழகம் உட்படப் பல மாநிலங்களில் ஒன்றுமறியாதவர்கள் தாக்கப்பட்டார்கள், உயிரிழந்தவர்களும் உண்டு. அந்த ஆண்டு ஜூலையில்தான் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பு வைத்தது. பெரியப்பா அப்படி ஒன்றை அனுப்பினால், எல்லோரும் பார்க்கக் குழுவிலேயே "இது பொய்" என்று எழுதாதீர்கள். தம்பி பிள்ளைகள் முன்னால் தலைகுனிந்ததாக நினைத்து அவர் குழுவைவிட்டே போய்விடலாம், அல்லது அடுத்த முறை உங்களுக்குத் தெரியாமல் வேறு குழுக்களுக்கு அனுப்பலாம். தனியே அழைத்து, முதலில் உடல்நலம் விசாரித்து, "பெரியப்பா, அந்தச் செய்தி நடந்த ஊர் வேறயாம், பழைய வீடியோவாம்" என்று எப்படித் தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லோருக்குமாக நீக்குவதற்கு எங்கே அழுத்த வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுங்கள். மருந்தோ கலவரமோ பற்றிய செய்தியாக இருந்து, அதற்குள் யாராவது நம்பிச் செயல்படக்கூடும் என்றால் மட்டும் அவருக்குச் சொன்ன கையோடு குழுவிலும் உண்மையை எழுதிவிட வேண்டும். மற்ற நேரங்களில் திருத்தத்தை அவர் கையாலேயே போடவிடுங்கள்.